காட்டுக்குப் போனவர்கள்

2022ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி குனோங் இனாஸ் மலைப் பக்கமிருந்து இறங்கிய வெள்ளம் பாலிங் மாவட்டத்தின் கூப்பாங் வட்டாரத்தில் மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. கம்போங் இபோயில் வீடுகள் சேற்றுக்குள் புதைந்தன. கோலா கெத்திலில் இருக்கும் எங்களுக்கு அன்றிரவு கைப்பேசியில் வந்த காணொளிகள்தான் முதல் செய்தி. கூப்பாங் பக்கத்து நீரெல்லாம் கெத்தில் ஆற்றுக்கு வருகிறது. கெத்தில் ஆறு எங்கள் ஊரருகே மூடா ஆற்றில் போய் விழுகிறது. அந்தச் சங்கமத்தை வைத்துத்தான் ஊருக்கே கோலா கெத்தில் என்று பெயர். ஆகவே மேலே மலையில் நடப்பது எதுவும் எங்களுக்கு ரொம்ப நேரம் மறைவாக இருப்பதில்லை.

இரண்டு நாள் கழித்து ஆற்றைப் பார்க்கப் போனேன். தண்ணீர் தேத்தாரே நிறத்தில் இருந்தது. கரையோரப் புதர்களில் மரங்கள் சிக்கிக் கிடந்தன. சில வேரோடு பிடுங்கப்பட்டவை. சில முனை அறுக்கப்பட்டவை, ரம்பம் போட்ட வெட்டு தெளிவாகத் தெரிந்தது. எனக்கு முன்பே அங்கே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் தோட்டத்து ஆட்கள், முப்பது நாற்பது வருடம் பால்மரம் சீவியவர்கள். அதில் ஒருவர் கேட்டார், “அண்ணே, இது என்னா மரம்ணே?” யாருக்கும் தெரியவில்லை. “கித்தா இல்ல. அது மட்டும் தெரியுது” என்றார் மூத்தவர். இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில் பட்டையைத் தொட்டே இது எந்த வயசு மரம், எத்தனை வருடம் சீவிய பட்டை என்று சொல்லக்கூடிய மனிதர் அவர்.

எனக்கும் தெரியவில்லை. நாலு தலைமுறையாக இந்த மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறோம். ஒரு காட்டு மரத்துக்குக்கூட எங்களிடம் பெயர் இல்லை. அன்று தொடங்கிய யோசனைதான் இந்தக் கட்டுரை.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் தினமும் புழங்கிய சொல் காடு. அம்மா விடியற்காலை பிரட்டுக்குக் கிளம்பும்போது “காட்டுக்குப் போயிட்டு வந்துர்றேன், சோத்த போட்டுத் தின்னுட்டுப் பள்ளிக்கூடம் போ” என்றுதான் சொல்வார். காடு என்றால் பால்மரக் காடு. புல் வெட்டுவதும் மருந்து அடிப்பதும் வெளிக்காட்டு வேலை. தமிழ்நாட்டில், அதிலும் சேலம், நாமக்கல் பக்கம், புன்செய் நிலத்தைக் காடு என்பார்கள். கடலைக் காடு, சோளக் காடு என்று. அங்கிருந்து வந்தவர்கள் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து கித்தா நிரைகளின் மேல் வைத்துவிட்டார்கள். நிஜக் காட்டுக்கு எங்களிடம் தனிச்சொல் இல்லை. ‘பெரிய காடு’ என்போம். அதையும் பயத்தோடுதான் சொல்வோம்.

அம்மாவுடையது படிக்காதவர்களின் பேச்சு என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகு ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு காடு என்பதற்குத் தரும் விளக்கத்தைப் படித்தேன். அரை ஹெக்டருக்கு மேல் பரப்பு, ஐந்து மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், பத்து விழுக்காட்டுக்கு மேல் மரநிழல், விவசாயத்துக்கான நிலமாக இருக்கக் கூடாது. அதன்படி ரப்பர் தோட்டம் காடு. செம்பனைத் தோட்டம் காடு அல்ல. 2000ஆம் ஆண்டின் உலகக் காட்டுக் கணக்கெடுப்பிலிருந்து ரப்பரைக் காட்டோடு சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். அம்மாவும் ரோமில் இருக்கும் நிபுணர்களும் ஒரே பக்கம்! இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது பிறகுதான் புரிந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தைப்பூசப் பந்தலிலும் தேர்தல் மேடையிலும் நாம் தவறாமல் கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு: காட்டை அழித்து இந்த நாட்டை உருவாக்கியவர்கள் நாம். பாம்புக்கும் கொசுவுக்கும் பலியாகி, காடு திருத்திக் கழனியாக்கினோம். நானும் பள்ளிப் பேச்சுப் போட்டியில் கையை உயர்த்தி இதைச் சொல்லிப் பரிசு வாங்கியவன்தான். தியாகத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள் என்பது உண்மை. ஆனால் வரலாறு இந்த வாக்கியத்தைவிடச் சிக்கலானது.

கெடா 1909 மார்ச் 10 வரை சயாமின் மேலாண்மையில் இருந்தது. அன்று பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தில்தான் அது பிரிட்டிஷாரின் கைக்கு மாறியது. அடுத்த வருடமே, 1910 ஏப்ரலில், லண்டனில் ரப்பர் ஒரு பவுண்டு எடை 12 ஷில்லிங் 9 பென்ஸ் வரை ஏறியது. அதுவரை அப்படியொரு விலையை யாரும் கண்டதில்லை. கூலிம், கோலா மூடா, பாலிங் என்று தெற்குக் கெடா முழுக்கக் கம்பெனிகள் நிலம் கேட்டு வரிசையில் நின்றன. நிலம் எடுத்தபின் பெருமரங்களை வெட்டிச் சாய்க்கும் வேலையைப் பெரும்பாலும் யார் செய்தார்கள்? மலாய்க்காரர்கள், ஜாவாவிலிருந்தும் போர்னியோவிலிருந்தும் வந்த ஜாவானியர், பஞ்சாரியர், அப்புறம் சீனக் குத்தகைக்காரர்களின் ஆட்கள். பெருங்காட்டில் மரம் சாய்ப்பது தனித்தொழில். ஒரு சரிவில் உள்ள மரங்களையெல்லாம் பாதி வெட்டிவைத்து, மேலே உள்ள ஒரு பெரிய மரத்தைச் சாய்த்தால் அது மற்றவற்றை வரிசையாக இழுத்துக்கொண்டு விழும். அந்தக் கணக்கு கைவர வேண்டும். காவிரிக் கரையிலிருந்தும் தருமபுரி மேட்டிலிருந்தும் கங்காணி கூட்டிவந்தவர்களுக்கு அது கிடையாது.

நம்மவர்கள் வந்து இறங்கியது பெரும்பாலும் காடு எரிந்து முடிந்த பின்னால். கரி படிந்த மண்ணில் குழி தோண்டினார்கள், வடிகால் வெட்டினார்கள், சாலை போட்டார்கள், கன்று நட்டார்கள், ஐந்தாறு வருடம் புல் எடுத்தார்கள், பிறகு பால் சீவினார்கள். அதாவது நாம் காட்டை அழித்தவர்கள் என்பதைவிட, அழித்த காடு திரும்ப முளைக்காமல் நூறு வருடம் பார்த்துக்கொண்டவர்கள் என்பது சரியாக இருக்கும். மேடையில் சொன்னால் கைத்தட்டல் விழாது.

அப்படித் திரும்ப முளைக்கவிடாமல் நடந்த சண்டையின் முக்கிய எதிரி லாலான் புல். ரப்பர் வருவதற்கு முன்பே மலாயாவில் மரவள்ளித் தோட்டங்கள் இருந்தன. மலாக்காவில் அது பெரிய தொழில், எங்கள் தெற்குக் கெடாவிலும் சீன முதலாளிகள் செய்தார்கள். காட்டை எரித்து மரவள்ளி போடுவார்கள். இரண்டு மூன்று விளைச்சலில் மண் சத்திழந்துவிடும். விட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்வார்கள். விட்ட இடத்தில் லாலான் மண்டும். ஆளுயரத்துக்கு, வெள்ளைப் பூவோடு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. தீ வைத்தால் மேலே எரியும், மண்ணுக்குள் வேர்த்தண்டு அப்படியே இருக்கும், அடுத்த மழையில் இன்னும் அடர்த்தியாக வரும். எரிய எரிய அது செழிக்கும், மரக்கன்று எதையும் தலைதூக்க விடாது.

புல்வெளி என்றதும் எனக்குக் கனடாவின் நினைவு வரும். அங்கே சஸ்காட்செவான் மாநிலத்தில் இண்டியன் ஹெட் என்றொரு சிற்றூர். 1901இல் அரசு அங்கே ஒரு நாற்றங்கால் வைத்தது. பரந்த புல்வெளியில் குடியேறிய விவசாயிகளின் வீட்டையும் மண்ணையும் காற்றிலிருந்து காக்க மரக்கன்றுகளைக் கொடுத்தார்கள். நூறு வருடத்துக்கு மேலாக 60 கோடிக் கன்றுகள். 2013இல் அரசு அதைக் கைவிட்டது. அமெரிக்காவிலும் 1930களின் புழுதிப்புயல் காலத்தில் வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை சுமார் 22 கோடி மரங்களை வேலிபோல நட்டார்கள். மரமே இல்லாத ஊரில் மரத்தின் அருமை தெரிகிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் புல்வெளி பல்லாயிரம் வருடம் பழையது, புல்தான் அதன் இயல்பு. அதை உழுது கெடுத்துவிட்டு, கெட்டதற்கு மருந்தாக மரம் நட்டார்கள். எங்கள் லாலான் வெளி இயல்பானதல்ல. காடு இருந்த இடத்தின் தழும்பு அது. முல்லையும் குறிஞ்சியும் தம் தன்மை கெட்டால் பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்லும் பாலைக்கு இந்த மழைநாட்டில் ஓர் உருவம் கேட்டால் நான் லாலானைத்தான் காட்டுவேன்.

தோட்டத் துரைமார்கள் ஆரம்பத்தில் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்று நினைத்தார்கள். பெருக்கிய வாசல்போல மண் தெரிய வேண்டும். எந்த ஊர் மழைக்கு இது? சரிவுகளில் மேல்மண் முழுக்க ஆற்றுக்குப் போயிற்று. மலாயாவின் ஆறுகள் மேடேறியதில் ஈயச் சுரங்கத்துக்கு எவ்வளவு பங்கோ, சுத்தமாகப் புல்லெடுத்த ரப்பர் சரிவுகளுக்கும் ஒரு பங்குண்டு. பிறகுதான் புத்தி வந்து படிவரப்பு வெட்டினார்கள், தரையை மூடப் பயற்றினக் கொடிகளைப் பரப்பினார்கள். லாலானுக்கு மட்டும் மன்னிப்பில்லை. அதற்கு சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். அப்பட்டமான பாஷாணம். ஆடு மாடு செத்தது, சில இடங்களில் மனிதர்களும் செத்தார்கள். 1960களில் அதன் இடத்துக்குப் பாரகுவாட் வந்தது. கிராமக்ஸோன் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் அம்மா அதை 19 வருடம் முதுகில் சுமந்தார். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். 18 லிட்டர் தொட்டி. முகமூடி கொடுத்தார்கள், அதைப் போட்டுக்கொண்டு இந்த வெயிலில் மேட்டில் ஏற முடியாது என்று அவிழ்த்துவிடுவார்கள். கையுறை ஓட்டையாகிவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மூக்கிலிருந்து ரத்தம் கசியும். வலது கையின் இரண்டு விரல் நகங்கள் கறுத்து விழுந்துவிட்டன, பிறகு கோணலாக முளைத்தன. “மருந்து பட்டுருச்சி” என்பார், அவ்வளவுதான். விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. மருந்தடிக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்களைத்தான் போட்டார்கள். மலேசியாவில் 2002இல் பாரகுவாட்டுக்குத் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள், முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1 அன்று. அம்மா ஓய்வுபெற்று வெகுநாளாகியிருந்தது. செய்தியைச் சொன்னேன். “இப்பதான் கண்டுபிடிச்சாங்களாமா?” என்றார்.

பெரிய காட்டின் மேல் எங்களுக்கிருந்த பயத்துக்கு வருகிறேன். அது புலி பாம்புப் பயம் மட்டுமல்ல. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்தபோது ஓடி ஒளிந்தவர்களுக்குக் காடு அடைக்கலம். 1948இல் அவசரகாலம் வந்ததும் அதே காடு குற்றமாகிவிட்டது. தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அரிசி காட்டுக்குள் போகக் கூடாது என்று சோற்றுக்குக்கூடக் கட்டுப்பாடு. காட்டோரம் நின்றவன் சந்தேகத்துக்குரியவன். 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் பாலிங் ஆங்கிலப் பள்ளியில் நடந்த பேச்சுவார்த்தைக்குச் சின் பெங், ரஷீத் மைடின், சென் தியான் மூவரும் காட்டிலிருந்து வெளியே வந்தார்கள். எதிரே துங்கு அப்துல் ரஹ்மான், டான் செங் லோக், டேவிட் மார்ஷல். உடன்பாடு இல்லை. வந்தவர்கள் காட்டுக்கே திரும்பினார்கள். எங்கள் வட்டாரத்துக்கு உலகப் பத்திரிகைகள் வந்த ஒரே தருணம் அதுவாகத்தான் இருக்கும். தாத்தா அதைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: அந்த இரண்டு நாள் சுடவில்லை.

அவசரகாலம் 1960இல் முடிந்தது. பயம் முடியவில்லை. எங்களைக் காட்டுப்பக்கம் போகவிடாமல் தடுக்கப் பாட்டி சொன்ன வார்த்தை இப்போதும் காதில் இருக்கிறது. “அங்கிட்டுப் போகாத, சக்காய்க்காரன் புடிச்சிக்கிட்டுப் போயிருவான்.” சக்காய் என்பது பூர்வகுடிகளைக் குறித்த இழிசொல். அடிமை என்ற பொருளோடு வழங்கியது. கூலி என்று எங்களை அழைத்தவர்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டு எங்களுக்குக் கீழே இருப்பதாக நினைத்தவர்களுக்குக் கொடுத்தோம்.

அந்த மனிதர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாலிங் மாவட்டத்தின் கம்போங் லூபோக் உலு லெகோங், கெடா மாநிலத்தின் ஒரே ஒராங் அஸ்லி கிராமம். கென்சியு மக்கள். சில நூறு பேர்தான். அவர்கள் மொழியைப் பேசுபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நான் முதன்முதலில் அங்கே போனபோது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உலு லெகோங் வெந்நீர் ஊற்றுக்குக் குடும்பத்தோடு பல தடவை போயிருக்கிறேன், கிராமத்துக்குள் போனதில்லை. சீமெந்து வீடுகள், மோட்டார் சைக்கிள்கள், சுற்றிலும் ரப்பர். ஆற்றில் வந்த மரங்களின் பெயர் அங்கே யாருக்காவது தெரிந்திருக்கும். கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாட்டியின் சொல் தொண்டையில் நின்றது என்றால் மிகையாகத் தோன்றலாம், ஆனால் அப்படித்தான் இருந்தது.

காடு பசிக்கும் உதவியது. 1974 நவம்பரில் ரப்பர் விலை சரிந்து சாமான் விலை ஏறியபோது பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். விஷமுள்ள காட்டுக் கிழங்கைத் தின்று பிள்ளைகள் இறந்தார்கள் என்று பரவிய செய்திதான் அந்தப் போராட்டத்தைப் பற்றவைத்தது. தலைநகரில் மாணவர்கள் ஆதரவாக இறங்கினார்கள், அன்வார் இப்ராஹிம் உள்ளே போனார். வந்தவர்கள் பெரும்பாலும் மலாய் விவசாயிகள். அதே விலைச்சரிவில் தோட்டத்துத் தமிழனும் பட்டினி கிடந்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் எங்களைச் சேர்ந்தவர்கள் யாரையும் எனக்கு நினைவில்லை. முதலாளி வேறு, தொழிற்சங்கம் வேறு, வேலியும் வேறு.

இனி மரத்தின் உடல்நிலை. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு எடுத்துவந்த விதைகள் சுமார் 70,000. முளைத்தவை 2,700 அளவில். 1877இல் சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த கன்றுகள் 22. அவற்றில் ஒன்பது கோலா கங்சாருக்குப் போயின. நாம் சீவிய கோடிக்கணக்கான மரங்களுக்கு மூலம் அவ்வளவுதான். அதற்குமேல் ஒட்டுக்கட்டிய குளோன்கள் வந்தன. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்றால் ஒரே மரத்தின் நகல்கள் பல்லாயிரம் ஏக்கருக்கு. பால் நன்றாக வரும். நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் ஒன்றாக வரும். பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு 1928இல் தொடங்கிய பெருந்தோட்டம் இலைக்கருகல் நோயில் அழிந்தது, 1945இல் கைகழுவினார்கள். அந்த நோய் ஆசியாவுக்கு வராமல் இருப்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் 2017 முதல் பெஸ்டலோடியோப்சிஸ் என்ற பூஞ்சை இலையுதிர்வு நோய் மலேசியாவில் பரவிவருகிறது. மாசி பங்குனியில் மரம் மொட்டையாவது வழக்கம். இப்போது மழைக்காலத்திலும் உதிர்கிறது. இங்கே சொந்தமாக நாலு ஏக்கர் வைத்திருக்கும் நண்பர் சொன்னார், “வருசத்துக்கு ஒரு தடவ உதுந்தா பரவால்ல. இது எப்ப பாத்தாலும் எல கொட்டுது. பால் எங்கேருந்து வரும்?”

பெரிய காட்டில் ஒரு ஹெக்டரில் நூற்றுக்கு மேற்பட்ட மரவகைகள் நிற்கும். ஒன்றுக்கு வந்த நோய் பக்கத்து மரத்துக்குத் தாவ முடியாது, ஏனென்றால் பக்கத்து மரம் வேறு ஜாதி. காட்டின் ஆரோக்கியம் என்பதில் பாதி இந்தக் கலப்புதான்.

ரப்பரும் இப்போது சிறுபான்மை. 1980களில் நாட்டில் 20 லட்சம் ஹெக்டர் அளவுக்கு இருந்தது, இன்று அதில் பாதிதான் தேறும். செம்பனை 56 லட்சம் ஹெக்டரைத் தாண்டிவிட்டது. எங்கள் பக்கம் மரத்தைச் சாய்த்தபோது லயங்களையும் சாய்த்தார்கள். ஆட்கள் சுங்கை பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். செம்பனைக்குள் போய் நின்றால் பறவைச் சத்தம்கூட வேறாக இருக்கிறது. அங்கே போகிறவர்கள் வங்காளதேசத்தவர்கள், இந்தோனேசியர்கள். அவர்கள் தங்கள் மொழியில் அதை என்னவென்று சொல்கிறார்களோ.

எஞ்சியிருக்கும் பெரிய காடு எங்களுக்கு வடக்கே, உலு மூடா. சுமார் 1,60,000 ஹெக்டர். கெடா நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இன்னும் காடுதான், அதில் பெரும்பகுதி இது. 1960களின் கடைசியில் உலக வங்கிக் கடனோடு பெடு, மூடா அணைகளைக் கட்டி, மலையைக் குடைந்து 6.8 கிலோமீட்டர் சுரங்கத்தால் இரண்டையும் இணைத்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் அலோர் ஸ்டார் சமவெளியின் ஏறக்குறைய ஒரு லட்சம் ஹெக்டர் வயல் இருபோகம் விளைகிறது. நாட்டின் அரிசியில் சுமார் 40 விழுக்காடு அங்கிருந்து வருகிறது. பினாங்கு குடிக்கும் தண்ணீரில் எண்பது விழுக்காட்டுக்கு மூடா ஆறுதான் ஆதாரம். கோலா கெத்திலில் காலையில் குழாயைத் திறந்தால் அழுக்கு நீர் வருகிறது என்று திட்டுகிறோமே, அதற்கும் மலைக்கும் தொடர்பு இருக்கிறது. கூட்டமாக நிற்கும் மரங்களும் அவற்றின் கீழே உள்ள சருகும் மழையை வாங்கி மெதுவாக விடுகின்றன. அது போனால் மழையன்று வெள்ளம், மறுமாதம் வறட்சி.

இது அரசியல்வாதிகளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அரசியல் சாசனப்படி நிலமும் காடும் மாநிலத்தின் சொத்து. கெடா போன்ற ஏழை மாநிலத்துக்கு உடனடியாகக் காசு தரக்கூடியவை மரமும் மண்ணும் கனிமமும்தான். நிற்கும் மரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. வெட்டிய மரத்துக்குத் தருகிறார்கள். காட்டை வெட்டாமல் வைத்திருப்பதற்கு ஈடாகப் பினாங்கு வருடத்துக்கு 5 கோடி ரிங்கிட் தர வேண்டும் என்று கெடா கேட்பதும், ஆறு இயற்கையின் கொடை என்று பினாங்கு மறுப்பதும் பல வருடமாக நடக்கும் நாடகம். கோமாளித்தனமான சண்டை என்று பத்திரிகைகள் எழுதின. எனக்குக் கெடாவின் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே படுகிறது, கேட்கிற தொனியில்தான் இல்லை. கூட்டரசு 2019இல் காடுகளைக் காப்பதற்கென மாநிலங்களுக்கு 6 கோடி ரிங்கிட் ஒதுக்கத் தொடங்கியது. 2024இல் அது 20 கோடி. எல்லா மாநிலத்துக்கும் பங்கு பிரித்தால் ஒரு மாநிலத்துக்கு எவ்வளவு வரும்? அது மரம் வெட்டும் உரிமத்தோடு போட்டிபோடக் காணாது.

குனோங் இனாஸ் விவகாரத்துக்கே திரும்புகிறேன். அங்கே மலைச்சரிவில் மூசாங் கிங் டுரியான் போடக் காடு அழிக்கப்பட்டிருந்தது. அதுதான் வெள்ளத்துக்குக் காரணம் என்றார்கள் கூப்பாங் மக்கள். மழை அளவுக்கு மீறிப் பெய்தது, மேலே இயற்கைக் காட்டிலேயே சரிவுகள் ஏற்பட்டன என்றது மாநில அரசுத் தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கலாம். முந்தைய வருடம், 2021 ஆகஸ்ட் 18 அன்று, குனோங் ஜெராயிலிருந்து பாறையும் மரமுமாக வெள்ளம் இறங்கி யான் பகுதியில் ஆறு பேர் இறந்தார்கள். அங்கே மூசாங் கிங்கைக் குற்றம்சாட்ட முடியாது. ஆனால் மழை கூடிவரும் காலத்தில் சரிவில் இருக்கும் வேரைப் பிடுங்குவது எந்த ஊர்க் கணக்கு? கைவிட்ட வழித்தடத்தில் ரம்பத்தால் அறுத்த மரம் ஆற்றில் வருவதற்கு மழை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

ஆரம்பத்தில் விட்ட விஷயம் இது. மலேசியாவில் 2006, 2007 வாக்கில் ‘காட்டுத் தோட்டம்’ என்ற திட்டத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தார்கள். பலகைக்கு ஏற்ற எட்டு மரவகைகளைத் தேர்ந்தெடுத்துக் கடன் கொடுத்தார்கள். அதில் முதலிடம் மரத்துக்காகவே வளர்க்கும் ரப்பர் குளோனுக்கு. காப்புக்காட்டுக்குள்ளேயே இயற்கை மரங்களை மொட்டையாக வெட்டிவிட்டு அங்கே ரப்பர் நடலாம். நிலத்தின் தகுதி மாறாது. கெசட்டில் அது காப்புக்காடாகவே இருக்கும். 1992இல் ரியோ மாநாட்டில் நாட்டின் பாதி நிலத்தைக் காடாக வைத்திருப்போம் என்று மலேசியா வாக்குக் கொடுத்தது. அந்தக் கணக்கும் பிசகாது. கித்தா மரம் நிற்கும் இடமெல்லாம் காடு என்று என் அம்மா சொன்னதை ஒருவழியாக அரசாங்கமும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

போன வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காரில் பாலிங் போகும்போது கூப்பாங்கில் நிறுத்தினேன். அவருக்கு வயது எழுபத்தெட்டு. பார்க்க வேண்டும் என்று அவர்தான் கேட்டார். ஆற்றைக் கல் போட்டு அகலப்படுத்தியிருந்தார்கள். சாலையோரக் கடையில் ஒரு பெரிய அடிமரத்தைப் படுக்கவைத்து உட்காரும் பலகையாக்கியிருந்தார்கள். வெள்ளத்தில் வந்தது என்றார் கடைக்கார மக்சிக். என்ன மரம் என்று மலாயில் கேட்டேன். அவர் உள்ளே திரும்பிக் கணவரைக் கேட்டார். அவர் எட்டிப் பார்த்து, மெரந்தியாக இருக்கும், இல்லாவிட்டால் கெருயிங், பட்டை போய்விட்டால் சொல்வது கஷ்டம், என் அப்பா இருந்தால் சொல்லியிருப்பார் என்றார்.

அம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, அந்தக் கோணல் நகத்தால் மரத்தை லேசாகக் கீறிப் பார்த்தார்.

“பால் இல்ல” என்றார்.